இராணுவ வைத்தியசாலைகளில் தாதியரின் நிலையும் நோயாளரின் கதியும்

அமெரிக்க இராணுவ வைத்தியசாலைகளில் நீண்டகாலமாகவே ஆளணிப் பற்றாக்குறை நிலவி வந்துள்ளது என்பதை அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களமே 2023 டிசம்பரில் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டது. அப்போதைய பிரதிப் பாதுகாப்புச் செயலாளர் கத்லீன் ஹிக்ஸ் விடுத்த குறிப்பாணை, தனியார் வைத்தியசாலைகளுக்கு அனுப்பப்பட்டு வந்த நோயாளரை மீண்டும் இராணுவ வைத்தியசாலைகளுக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் பணித்தது. பாதுகாப்புக்காக உலகிலேயே மிக அதிகம் செலவிடும் நாடு, தனது படையினரின் நோய்க்கட்டில்களுக்கு அருகே போதிய ஆட்கள் இல்லை என்று கூறவேண்டிய நிலைக்கு எவ்வாறு வந்தது என்பது ஆராயத்தக்க ஒரு விடயமாகும். விமானந்தாங்கிக் கப்பல்களின் எண்ணிக்கை பற்றி உலகப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. இரவுக் கடமையில் எத்தனை தாதியர் இருந்தனர் என்ற கணக்கு செய்தியாவது மிக அரிது.

இராணுவ வைத்தியசாலை என்றவுடன் குண்டடிபட்ட வீரனும் அவசர சத்திரசிகிச்சைக் கூடமுமே எமது மனக்கண்ணில் தோன்றுகின்றன. உண்மை நிலை வேறு. அமெரிக்க இராணுவ சுகாதார சேவையின் பொறுப்பில் ஏறக்குறைய 95 இலட்சம் பேர் உள்ளனர். கடமையில் உள்ள படையினர் இவர்களில் ஒரு பகுதியினர் மட்டுமே. எஞ்சியோர் அவர்களது மனைவியர், கணவன்மார், பிள்ளைகள், ஓய்வுபெற்றோர் ஆவர். இவ்வைத்தியசாலைகளில் ஒருவர் அனுமதிக்கப்படுவதற்கான மிகச் சாதாரண காரணம் பிரசவமாகும். ஆகவே இங்கே பேசப்படுவது போர்க்கள வீரம் பற்றியதன்று. அதிகாலை மூன்று மணிக்கு ஒரு தாயின் குருதியமுக்கம் குறைவதைக் கண்டுகொள்ள அவ்விடுதியில் ஒருவர் விழிப்புடன் இருந்தாரா என்பதே கேள்வி.

படைகள் உள்ள இடத்தில் பராமரிப்பும் இருந்தே வந்திருக்கின்றது. கி.பி. 627 இல் அகழ் யுத்தத்தில் காயமுற்ற ஸஃத் இப்னு முஆத் (றழி) அவர்கள் மதீனாப் பள்ளிவாசலில் அமைக்கப்பட்டிருந்த றுபைதா அல் அஸ்லமிய்யா (றழி) அவர்களின் கூடாரத்திலேயே பராமரிக்கப்பட்டார் என்பதை இஸ்லாமிய வரலாறு பதிவு செய்துள்ளது. ஆனால் பராமரிப்பின் விளைவைக் கணக்கெடுத்துப் பார்க்கும் வழக்கம் மிகப் பிந்தியே தோன்றியது. அதற்குக் காரணமானதும் ஓர் இராணுவ வைத்தியசாலையே.

கிரைமியா யுத்தத்தின்போது, 1854 நவம்பர் 4 ஆம் திகதி, புளோரன்ஸ் நைற்றிங்கேல் 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்கூட்டாரி முகாம் வைத்தியசாலையை வந்தடைந்தார். விளக்கேந்திய சீமாட்டி வந்ததும் வீரர்கள் பிழைத்தனர் என்றே பாடசாலைப் புத்தகங்கள் எமக்குக் கற்பித்தன. புள்ளிவிபரம் அதனை ஆதரிக்கவில்லை. அவர் வந்த பின்னரும் மரணங்கள் அதிகரித்துச் சென்று 1855 பெப்ரவரியில் நூற்றுக்கு 42 என்ற அளவை எட்டின. கட்டடத்தின் அடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. காற்றோட்டம் இல்லை. நோயாளர் நெருக்கியடித்துக் கிடத்தப்பட்டிருந்தனர். மார்ச் மாதத்தில் வந்திறங்கிய சுகாதார ஆணைக்குழு கால்வாய்களைத் துப்புரவாக்கி, காற்றோட்டத்துக்கு வழிசெய்த பின்னரே மரணவீதம் சரியத் தொடங்கியது. அவ்வருட நடுப்பகுதியில் அது நூற்றுக்கு இரண்டளவுக்கு இறங்கியிருந்தது. யுத்தம் முடிந்து நாடு திரும்பிய நைற்றிங்கேல் இவ்வெண்களை ஆராய்ந்து, எதிரியின் துப்பாக்கியிலும் பார்க்கத் தடுத்திருக்கக்கூடிய நோய்களே அதிக வீரர்களைக் கொன்றன என்பதை 1858 இல் வண்ண வரைபடங்களாக வெளியிட்டு இராணுவத் தலைமையின் வாயை அடைத்தார். அவரது கருணையைக் காட்டிலும் இந்தக் கணக்கே பெரிய தொண்டு என்பது எமது அபிப்பிராயம். அர்ப்பணிப்பு மிக்க தாதியும்கூடக் கெட்டுப்போன சூழலில் நோயாளியைக் காப்பாற்ற இயலாதவராகிவிடுகின்றார் என்பதை ஸ்கூட்டாரி அன்றே உணர்த்திவிட்டது.

இதனை நவீன ஆய்வு முறைகளால் நிறுவுவதற்கு மேலும் ஒன்றரை நூற்றாண்டு சென்றது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியை லிண்டா எய்க்கனும் அவரது சகாக்களும் 2002 இல் வெளியிட்ட ஆய்வு, அம்மாநிலத்தின் 168 வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை பெற்ற இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான நோயாளரை ஆராய்ந்தது. ஒரு தாதி கவனிக்க வேண்டிய நோயாளரின் எண்ணிக்கை ஒன்றால் அதிகரிக்கும்போது, 30 நாட்களுக்குள் நோயாளர் மரணிக்கும் வாய்ப்பு 7 சதவீதத்தால் உயர்கின்றது என்பது அதன் முடிவாகும். ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2014 இல் வெளியான மற்றோர் ஆய்வும் அதே 7 சதவீதத்தையே கண்டது.

எனினும் இவ்விரண்டிலும் முக்கியமானதாக நாம் கருதுவது எய்க்கன் குழுவினர் 2011 இல் வெளியிட்ட இன்னொரு முடிவையாகும். நல்ல பணிச்சூழல் உள்ள வைத்தியசாலைகளில் தாதி ஒருவருக்கு ஒரு நோயாளரைக் குறைத்தபோது மரண வாய்ப்பு 9 சதவீதத்தால் குறைந்தது. நடுத்தரமான சூழல் உள்ளவற்றில் 4 சதவீதத்தால் குறைந்தது. சூழல் மோசமாக இருந்தவற்றிலோ ஏறத்தாழ எந்தப் பயனும் ஏற்படவில்லை. அதாவது ஆட்களை நியமிப்பது மட்டும் போதாது. அவர்கள் வேலை செய்யக்கூடிய இடமாக வைத்தியசாலை இருக்க வேண்டும்.

பணிச்சூழல் என்றால் சுவருக்கு வர்ணம் பூசுவதோ ஓய்வறைக்கு மின்விசிறி பொருத்துவதோ அல்ல. இதனை அளப்பதற்கென 2002 இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட 31 கூற்றுகள் கொண்ட ஒரு வினாக்கொத்து இன்று பல நாடுகளில் பயன்படுகின்றது. வைத்தியசாலையின் தீர்மானங்களில் தாதியருக்குப் பங்குண்டா, விடுதிப் பொறுப்பாளர் தமது ஊழியருக்குத் துணை நிற்பவரா, ஆளும் உபகரணமும் போதுமானவையா, வைத்தியரும் தாதியரும் ஒருவரையொருவர் மதித்துப் பேசுகின்றனரா, பராமரிப்பின் தரத்துக்கு ஓர் ஒழுங்குமுறை உண்டா என்பனவே அது கேட்கும் கேள்விகள். நோயாளியின் நிலை மாறுவதை முதலில் காண்பவர் தாதி. கண்டதைச் சொல்வதற்கு அவருக்கு நேரமும், சொன்னால் கேட்பதற்கு ஓர் ஆளும், சொன்னதற்காகத் தண்டிக்கப்படமாட்டோம் என்ற நம்பிக்கையும் இருந்தால் சிக்கல் சிக்கலாகவே நின்றுவிடும். இவற்றுள் ஒன்று இல்லாவிடினும் அது மரணத்தில் முடியக்கூடும்.

2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியர்களும் தாதிய உத்தியோகத்தர்களும் நாட்டைவிட்டு வெளியேறுவதைக் கண்டு கவலையுறும் எமது வாசகர்களுக்கும் இம்முடிவு அந்நியமானதன்று. வெற்றிடங்களை நிரப்புமாறு கோருவது நியாயமே. நியமனம் பெற்று வருபவர் ஏன் நிலைத்து நிற்பதில்லை என்ற கேள்வியும் அதனுடன் சேர்த்தே கேட்கப்பட வேண்டும்.

இனி இராணுவ வைத்தியசாலைக்கு வருவோம். கட்டளையும் கட்டுப்பாடும் நிறைந்த அமைப்பில் இப்பிரச்சினைகள் இலகுவாகத் தீர்ந்துவிடும் என எவரும் எண்ணக்கூடும். கட்டளையிட்டால் ஆள் வருவார், வந்தவர் நிற்பார் என்பதே பொதுவான எண்ணம். இராணுவத் தாதியரே செய்த ஆய்வுகள் இந்த எண்ணத்தைத் தகர்த்துள்ளன. அமெரிக்க காங்கிரஸின் நிதியுதவியுடன் முப்படைத் தாதிய ஆய்வுத் திட்டம் 1992 இல் ஆரம்பிக்கப்பட்டது. இதன் பயனாக வளர்ந்த முயற்சிகளுள் ஒன்று, 13 இராணுவ வைத்தியசாலைகளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கடமைநேரங்களின் தரவுகளைத் திரட்டியது. மாதச் சராசரியையோ வருடச் சராசரியையோ பார்க்காமல், ஒவ்வொரு கடமைநேரத்திலும் விடுதியில் யார் யார் இருந்தனர், அந்த நேரத்தில் நோயாளருக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தமையே இதன் சிறப்பாகும். சராசரி என்பது பல குறைகளை மறைத்துவிடும். திங்கட்கிழமை காலை நிறைந்திருக்கும் விடுதி ஞாயிறு இரவு வெறுமையாக இருக்கலாம். மாத முடிவில் கணக்கு சரியாகவே காட்டும்.

2011 இல் வெளியான அதன் முடிவுகள் தெளிவானவை. நோயாளருக்குக் கிடைத்த பராமரிப்பு நேரம், பதிவுபெற்ற தாதியரின் விகிதம், கடமையில் இருந்தோரின் அனுபவம் ஆகியவற்றுடன் நோயாளர் தவறி விழுவதும் மருந்து மாறிக் கொடுக்கப்படுவதும் தொடர்புபட்டிருந்தன. தாதியருக்கு ஏற்படும் ஊசிக்குத்துக் காயங்களையும் இதே தரவுகளைக் கொண்டு ஆராய்ந்தனர். இராணுவ வைத்தியசாலைகளின் தாதியரிடம் மேற்கொள்ளப்பட்டு 2010 இல் வெளியான வேறோர் ஆய்வில், பணிச்சூழல் பாதகமானது எனக் கூறியவர்களே அதிகம் களைத்திருந்தனர், அதிகம் அதிருப்தியுற்றிருந்தனர், வேலையை விட்டுச்செல்லவும் எண்ணியிருந்தனர். தமது விடுதியின் பராமரிப்பு தரம் குறைந்தது என ஒப்புக்கொண்டவர்களும் அவர்களே. சீருடையோ பதவிச் சின்னமோ இவ்விதிக்கு விலக்கு அளிக்கவில்லை.

அனுபவம் என்ற சொல்லில் நாம் சற்றுத் தரித்து நிற்க வேண்டும். சிவில் வைத்தியசாலையொன்றில் திறமையான தாதி பத்து, பதினைந்து வருடங்கள் ஒரே விடுதியில் பணியாற்றக்கூடும். அவருக்கு அவ்விடத்தின் ஒவ்வொரு மூலையும் தெரியும். எந்த வைத்தியரை எந்த நேரத்தில் எப்படி அழைப்பது என்பதும் தெரியும். இராணுவத் தாதிக்கு இந்த வாய்ப்பு இல்லை. இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். போர் மூண்டால் ஒரு சில வாரங்களில் களத்துக்குச் செல்ல வேண்டிவரும். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் யுத்தம் நடைபெற்ற ஆண்டுகளில் அனுபவம் மிக்கோர் களத்துக்கு எடுத்துச் செல்லப்பட, உள்நாட்டு விடுதிகளில் ஒப்பந்த அடிப்படையிலானோரும் புதியவர்களும் அவர்களது இடத்தை நிரப்பினர். ஒரே விடுதியில் சீருடை அணிந்த தாதி, அரசாங்க சிவில் தாதி, ஒப்பந்தத் தாதி, இளம் மருத்துவ உதவிப் படைவீரர் எனப் பல வகையினர் பணியாற்றுவர். இவர்களது சம்பளமும், மேலதிகாரியும், பணிவிதிகளும் வெவ்வேறானவை. இவ்வாறான கலவையை ஓர் அணியாக்குவது கட்டளைப் பத்திரத்தால் ஆகக்கூடியதன்று.

பதவிநிலைப் பிரச்சினை இன்னும் நுட்பமானது. அமெரிக்க இராணுவத் தாதியர் படைப்பிரிவு 1901 பெப்ரவரி 2 ஆம் திகதி தோற்றுவிக்கப்பட்டது. ஆயினும் தாதியருக்கு நிரந்தர ஆணை பெற்ற அதிகாரி அந்தஸ்து 1947 இலேயே கிடைத்தது. ஆண்கள் அப்பிரிவில் 1955 வரை சேர்க்கப்படவில்லை. இன்று ஓர் இராணுவத் தாதி கெப்டனாகவோ கேணலாகவோ இருக்கலாம். இது ஒருவகையில் அனுகூலமே. சிவில் வைத்தியசாலைகளில் வைத்தியர் முன் தாதி குரல் தாழ்த்தி நிற்கும் வழமையை அதிகாரி அந்தஸ்து ஓரளவு சமன் செய்கின்றது. ஆனால் இருபத்துநான்கு வயது லெப்டினன்ட் தாதி ஒருவர் கேணல் தரத்துச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் "இந்த மருந்தின் அளவு தவறு" என்று கூறும்போது, அவர் தமது தொழில்சார் மேலோரை மட்டுமன்றி இராணுவ மேலதிகாரியையும் எதிர்கொள்கின்றார். கீழ்ப்படிவையே முதற்பாடமாகக் கற்ற ஒருவரிடம் மறுத்துப் பேசும் துணிவை எதிர்பார்ப்பதில் உள்ள முரண்பாட்டை இராணுவ வைத்தியசாலைகள் இன்னும் முழுமையாகத் தீர்த்துவிடவில்லை.

2007 பெப்ரவரியில் வோஷிங்டன் போஸ்ட் பத்திரிகை வெளியிட்ட செய்தித் தொடர் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. ஈராக் யுத்தக் காயங்களிலிருந்து உயிர்தப்பியோரின் வீதம் முன்னைய யுத்தங்களை விஞ்சியிருந்த காலம் அது. காயமடைந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் பிழைத்தனர். ஜேர்மனியிலுள்ள லான்ட்ஸ்டூல் வைத்தியசாலையூடாக நாடு திரும்பிய பலர் தலைநகரின் வோல்டர் ரீட் இராணுவ வைத்திய நிலையத்தில் சிகிச்சை பெற்றனர். விடுதியிலிருந்து வெளியேறித் தொடர் சிகிச்சைக்காகக் காத்திருந்தோர் தங்கவைக்கப்பட்ட 18 ஆம் இலக்கக் கட்டடத்தில் பூஞ்சணம் படர்ந்த சுவர்களும், எலிகளும், கேட்பாரற்றுக் கிடந்த கோவைகளுமே அவர்களை வரவேற்றன. வைத்தியசாலைக் கட்டளைத் தளபதி பதவி நீக்கப்பட்டார். இராணுவச் செயலாளர் பிரான்ஸிஸ் ஹார்வி பதவி துறந்தார். இராணுவத் தலைமை வைத்திய அதிகாரியும் ஓய்வுபெறச் செய்யப்பட்டார். குற்றம் விடுதித் தாதியருடையதன்று. விடுதிக்கு வெளியே ஒவ்வொரு வீரருக்கும் பொறுப்பாக ஒரு தாதி இருக்க வேண்டும் என்று எவரும் எண்ணியிராமையே குற்றம். பின்னர் அதே ஆண்டில் உருவாக்கப்பட்ட மீட்சிப் பிரிவுகளில் வைத்தியர், அணித்தலைவர் ஆகியோருடன் தாதி ஒருவரும் ஒவ்வொரு வீரருக்கும் பொறுப்பாக நியமிக்கப்பட்டமை இதற்குச் சான்றாகும்.

அதே 2007 இல் பிரித்தானியாவிலும் இதனையொத்த சர்ச்சை எழுந்தது. சிக்கனம் கருதி 1990களில் தனது இராணுவ வைத்தியசாலைகளை ஒவ்வொன்றாக மூடிய அந்நாடு, காயமடைந்த படையினரை பேர்மிங்ஹாமின் செலி ஓக் சிவில் வைத்தியசாலையில் பொது நோயாளருடன் சேர்த்துக் கிடத்தியது. முறைப்பாடுகள் குவிந்த பின்னரே இராணுவத் தாதியர் பணியாற்றும் தனி விடுதி ஏற்பாடு செய்யப்பட்டது.

சிவில் நோயாளிக்கு இல்லாத ஓர் இக்கட்டு படைவீரனுக்கு உண்டு. பிடிக்காத வைத்தியசாலையைவிட்டு வேறிடம் செல்லும் சுதந்திரம் அவனுக்கு இல்லை. வழக்குத் தொடரும் உரிமையும் இல்லை. 1950 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஃபெரெஸ் வழக்கில் அளித்த தீர்ப்பின்படி, கடமையில் உள்ள படைவீரர் சேவையுடன் தொடர்புபட்ட பாதிப்புக்காக, அது வைத்தியத் தவறாயினும், அரசாங்கத்துக்கு எதிராக வழக்காட முடியாது. ஏறத்தாழ எழுபது வருடங்களின் பின்னர், 2019 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின் வழியாகவே நட்டஈடு கோரி விண்ணப்பிக்கும் நிர்வாக வழியொன்று திறக்கப்பட்டது. அதுவும் நீதிமன்றத்துக்குச் செல்லும் வழியன்று. தவறிழைத்த அமைப்பே விண்ணப்பத்தையும் பரிசீலிக்கும்.

நீதிமன்றத்தின் கண் எட்டாத இடத்தில் நடப்பது எவ்வாறு வெளிவரும்? 2014 இல் நியூயோர்க் டைம்ஸ் இராணுவ வைத்தியசாலைகளின் தவறுகள் உரிய முறையில் விசாரிக்கப்படுவதில்லை என அம்பலப்படுத்தியது. பாதுகாப்புச் செயலாளர் சக் ஹேகல் உத்தரவிட்ட மீளாய்வு, சேவை ஒட்டுமொத்தத்தில் சிவில் வைத்தியசாலைகளுக்கு நிகரானதே என்றும், ஆயினும் வைத்தியசாலைக்கு வைத்தியசாலை தரம் பெரிதும் வேறுபடுகின்றது என்றும் கூறியது. பெயர் பெற்ற சத்திரசிகிச்சை நிபுணரைப் பற்றிக் கேட்டறிந்து இடம் தேடிச் செல்லும் வசதி சிவில் நோயாளிக்கு உண்டு. இடமாற்ற உத்தரவு எங்கே அனுப்புகின்றதோ அங்கேயே பிள்ளை பெறவேண்டிய படைவீரனின் மனைவிக்கு "ஒட்டுமொத்தத்தில் நிகரானது" என்ற சான்றிதழால் பயனில்லை. அவளுக்கு இருக்கும் ஒரே காவல், தவறைக் கண்டவிடத்து அதனைப் பதிவு செய்யும் தாதியே.

இராணுவம் எதனையும் கற்றுக்கொள்ளவில்லை என்று கூறுவது நியாயமாகாது. 2011 டிசம்பரில் பற்றீஷியா ஹொரோஹோ அமெரிக்க இராணுவத்தின் தலைமை வைத்திய அதிகாரியாகப் பதவியேற்றார். வைத்தியர்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட அப்பதவியில் அமர்ந்த முதல் தாதியும் முதல் பெண்மணியும் அவரே. 2001 செப்டெம்பர் 11 இல் பென்டகன் தாக்கப்பட்டபோது அங்கு காயமடைந்தோருக்கு முதலுதவி அளித்தவரும் அவரே. அவர் தாதியர் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய காலத்தில் உருவாகி 2011 இல் இராணுவ வைத்தியசாலைகளில் நடைமுறைக்கு வந்த தாதியப் பராமரிப்புத் திட்டம், விடுதித் தீர்மானங்களில் கடைநிலைத் தாதிக்கும் இடமளிக்கும் சபைகளை ஏற்படுத்தியது. சக தாதியரின் வேலையை ஒருவர் மற்றவருக்கு எடுத்துக்கூறும் முறையையும் அது கொண்டுவந்தது. வைத்தியசாலைக்கு வைத்தியசாலை வெவ்வேறாக இருந்த நடைமுறைகளும் ஒருமைப்படுத்தப்பட்டன. இத்திட்ட காலத்துத் தரவுகளைக் கொண்டு 2018 இல் வெளியான ஆய்வு, இராணுவ வைத்தியசாலைகளிலும் பணிச்சூழலுக்கும் நோயாளரின் விளைவுகளுக்கும் இடையே தொடர்பு உண்டு என்பதை மீண்டும் காட்டியது.

இவ்வாறு சேர்த்த அனுபவம் நிலைபெறுமுன்னரே காற்று எதிர்த்திசையில் வீசத் தொடங்கியது. 2016 இன் இறுதியில் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டம், முப்படைகளின் வைத்தியசாலைகளையும் ஒரே சுகாதார முகவரகத்தின் கீழ் கொண்டுவருமாறு பணித்தது. அடுத்து சுமார் 18,000 சீருடை வைத்தியப் பணியிடங்களை நீக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. போர்க்களத்துக்குத் தேவையற்ற சேவைகளைத் தனியாரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்பது வாதம். மகப்பேறும் குழந்தை நலமும் இத்தகைய சேவைகளாகவே கருதப்பட்டன. காங்கிரஸ் இத்திட்டத்தைப் பலமுறை தடுத்து நிறுத்தியது. எனினும் நோயாளர் வெளியே அனுப்பப்பட்டனர். நோயாளர் குறைந்ததும் விடுதிகள் சுருங்கின. விடுதிகள் சுருங்கியதும் எஞ்சிய வைத்தியருக்கும் தாதியருக்கும் கைப்பழக்கம் குன்றியது. நாளொன்றுக்கு இரண்டு எளிய நோயாளரை மட்டும் பார்க்கும் தாதி, போர் மூளும் நாளில் பன்னிரண்டு படுகாயக்காரரை எவ்வாறு பார்ப்பார் என்ற கேள்வி இராணுவத் தலைமையையே உறுத்தத் தொடங்கியது.

2023 டிசம்பர்க் குறிப்பாணையின் பின்னணி இதுவேயாகும். பணத்தை மிச்சப்படுத்தும் எனக் கூறப்பட்ட வழி, செலவையும் குறைக்கவில்லை, போருக்கான ஆயத்தத்தையும் குலைத்தது என்பதே அதன் சாரம். நோயாளரை மீள அழைப்பது என்ற முடிவை நாம் குறைகூறமாட்டோம். ஆனால் அதன் ஒழுங்குமுறை கவனிக்கப்பட வேண்டியது. தாதியர் வருமுன் நோயாளர் வந்துசேர்ந்தால், எய்க்கனின் 7 சதவீதம் இராணுவ விடுதிகளிலும் தன் வேலையைக் காட்டும். சீருடைத் தாதியரை உத்தரவின் மூலம் ஒரு முகாமிலிருந்து மற்றொரு முகாமுக்கு மாற்றலாம். அது ஒரு விடுதியின் குறையை இன்னொரு விடுதிக்குக் கொண்டுசெல்வதே. சிவில் தாதியரை உத்தரவிட்டு அழைக்க முடியாது. அருகிலுள்ள தனியார் வைத்தியசாலை அதிக சம்பளம் கொடுக்கின்றது. ஆட்சேர்ப்பு விண்ணப்பமோ மாதக்கணக்கில் மேசை மேசையாக நகர்கின்றது. பதினைந்து வருட அனுபவத்துடன் வெளியேறிய விடுதிப் பொறுப்புத் தாதி ஒருவரின் இடத்தில், நேற்றுப் பட்டம் பெற்ற இருவரை நிறுத்தினாலும் ஆளணிப் பட்டியல் நிறைவாகவே தோன்றும். அந்த இருவரும் அடுத்த இடமாற்றத்துக்கு முன்னர் யாரிடம் வேலை கற்பார்கள் என்பதற்கு அப்பட்டியலில் நிரல் எதுவும் இல்லை.